முதல் கடல்நீர் மீன்தொட்டி: மன்னார்குடியில் 3 அடி தொட்டி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மன்னைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் உண்டு. கப்பி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கடல்மீன் ஆசை வந்திருக்கிறது. கோமாளி மீன் ஒரு ஜோடி, கூட ஒன்றிரண்டு சின்ன மீன், அவ்வளவுதான். பவளமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது. நாகை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வரும் லோடு ஆட்டோக்காரர் நமக்குத் தெரிந்தவர். கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், அதை ஊற்றலாமா? இல்லையென்றால் வேதாரண்யம் கல் உப்பு ஒரு மூட்டை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாமா? மணலும் கல்லும் முத்துப்பேட்டைப் பக்கம் போய் அள்ளி வரலாமா? கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் உப்புப் பொடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க மனசு வரவில்லை.

கப்பிப்பிரியன்:
பேசாமல் கப்பியே வளர்த்துவிட்டுப் போங்கள் சார். நிம்மதி.

நாகை_ஹேச்சரி:
தம்பி, துறைமுகத் தண்ணீரை மட்டும் தொட வேண்டாம். நாகை துறைமுகம் இருப்பது கடுவையாறு கடலில் சேருகிற முகத்தில். படகு டீசல், ஐஸ் உருகிய தண்ணீர், மீன் கழுவிய கழிவு, ஊர்ச் சாக்கடை எல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. அது கடல்தண்ணீரே இல்லை, ஆற்றுமுகத் தண்ணீர். காலையில் ஏற்றத்தில் எடுத்தால் ஒரு உப்பு, வற்றத்தில் எடுத்தால் வேறு உப்பு.

நான் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறவன். நாங்களும் கடல்தண்ணீரைத்தான் எடுக்கிறோம், ஆனால் அப்படியே யாரும் தொட்டியில் விடுவதில்லை. மணல் ஃபில்டர் வழியாக இறக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு நாளாவது காற்றடித்து, குளோரின் போய்விட்டதா என்று கிட் வைத்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு முறித்த பிறகுதான் உள்ளே விடுவோம். வீட்டில் செய்ய முடியாது என்றில்லை. 100 லிட்டருக்கு 3 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் ஏறக்குறைய 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரும், அது போதும். பவுடர் பழசானால் வீரியம் இருக்காது என்பதை மறந்துவிட வேண்டாம். கிட்டில் குளோரின் பூஜ்யம் என்று வரும்வரை மீனை நினைக்கக்கூடாது.

அப்புறம் பருவம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் கடற்கரையில் தண்ணீர் எடுக்காமல் இருப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழையில் கொள்ளிடம், அரசலாறு, வெட்டாறு என்று அத்தனையும் வயல் வடிகாலோடு சேர்ந்து கடலில் கொட்டும் நேரம் அது. சம்பா வயலுக்கு அடித்த பூச்சிமருந்தும் கூடவே வரும். அந்த மருந்துகளில் பல இறால், நண்டு வகையைத்தான் முதலில் கொல்லும்.

காரைக்கால்_கடலோடி:
ஹேச்சரி அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் புதியவர்களை இப்படிப் பயமுறுத்தவும் வேண்டாம். என் தொட்டி ஓடுவது முழுக்க இயற்கைக் கடல்தண்ணீரில்தான். கரையில் நின்று அள்ளுவதில்லை. ஃபைபர் படகில் போகிறவர்களிடம் கேனைக் கொடுத்துவிட்டால், வலை போடும் இடத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிரப்பி வருவார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை தண்ணீர் கண்ணாடி. ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பு மானி) ஆயிரத்தில் 33, 34 பங்கு உப்பு காட்டும். மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்தால் மிதவை உயிர்கள் செத்து அடியில் படிந்துவிடும். மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக் காற்றடித்துப் பயன்படுத்துகிறேன். கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடவுள் போட்ட அளவில் இருக்கும். பாக்கெட் உப்புக்கு ஏன் காசு?

நாகை_ஹேச்சரி:
காரைக்கால் தம்பிக்குக் கடல் தெருமுனையில், படகுக்காரர்கள் சொந்தக்காரர்கள். அவருக்கு அது சரி. கேட்டவர் மன்னார்குடி. கார்த்திகையில் தொட்டியில் ஏதோ கோளாறு, உடனே பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும் என்றால் எங்கே போவார்? படகு கடலுக்கே போகாது. போனாலும் அந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே வரும். வங்காள விரிகுடாவின் தலைமாட்டில் கங்கையும் மற்ற ஆறுகளும் கொட்டிய உப்புக் குறைந்த தண்ணீரை நம் கரையோரமாகக் கொண்டுவரும் நீரோட்டம் அது. கரை தெரியாத தூரத்திலும் உப்பு குறைவாகத்தான் இருக்கும். உப்பு மூட்டை என்றால் பரண் மேல் காய்ந்து கிடக்கும், நடுராத்திரியில்கூடக் கரைக்கலாம். முதல் வருஷம் செயற்கை உப்பு. கை பழகிய பிறகு கடலுக்குப் போகட்டும்.

காரைக்கால்_கடலோடி:
அவசரத்துக்கு ஒரு மூட்டை கையில் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் வைத்திருக்கிறேன். மற்றபடி என் கட்சி மாறவில்லை.

வேதாரண்யம்_வாத்தியார்:
எங்கள் ஊர் உப்பைப் பற்றிக் கேட்டிருப்பதால் நான் பதில் சொல்கிறேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு இது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் மீன்தொட்டிக்கு ஆகாது. காரணம் உப்பளத்தின் வேலை முறையிலேயே இருக்கிறது.

கடல்நீர் பாத்திக்கு வரும்போது பாமே மானியில் (நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 3 டிகிரி இருக்கும். வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். 13, 14 டிகிரி தாண்டினால் ஜிப்சம் இறங்கத் தொடங்கும். ஆக, கால்சியத்தின் பெரும்பகுதி உப்பு விளைகிற பாத்திக்கு வருவதற்கு முன்பே கழன்றுவிடுகிறது. 25 டிகிரிக்கு மேல்தான் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு விளையும். 29, 30 டிகிரி வந்ததும் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். விடாவிட்டால் உப்பு கசந்துபோகும். அந்தக் கசப்பு நீரில்தான் மெக்னீசியமும் பொட்டாசியமும் போகிறது.

உப்பளத் தொழிலாளியின் திறமையே கடலிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பதுதான். நமக்கு வேண்டியதோ அவர் கழித்துக்கட்டியதும் சேர்ந்த மொத்தம். நல்ல கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம், ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்க வேண்டும். மூட்டை உப்பைக் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்று அழகாகக் காட்டும். அதற்கு உப்பின் மொத்த அளவு தெரியுமே தவிர, எந்த உப்பு என்று தெரியாது. காரத்தன்மையும் இருக்காது, ஆகவே பிஎச் 8-க்கு மேல் நிற்காது. மீன் சில நாள் தாங்கும். அப்புறம் தாங்காது.

டெல்டாக் கடலோரத்தில் போர் தண்ணீரும் உப்புக் கரிக்கிறதே, அதை ஊற்றினால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அதுவும் கடல்நீர் அல்ல. மண்ணோடு மாற்றிக்கொண்ட உப்பு, இரும்பு எல்லாம் சேர்ந்த வேறு ஒன்று.

மன்னைக்காரன்:
வாத்தியார் ஐயா, பாடப் புத்தகத்தில்கூட இப்படி விளங்கவில்லை. மிக்க நன்றி. சரி, கடையில் விற்கும் செயற்கைக் கடல் உப்பு மிக்ஸ் என்றே முடிவு. எவ்வளவு வாங்க வேண்டும்? எந்தத் தண்ணீரில் கரைப்பது? எங்கள் வீட்டில் குடிக்கிற ஆர்ஓ மெஷின் இருக்கிறது.

தஞ்சை_தொட்டிக்காரர்:
உங்கள் தொட்டி விளிம்பு வரை 190 லிட்டர். மணல், கல், மேலே விடுகிற இடைவெளி போக 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக லிட்டருக்கு 36லிருந்து 38 கிராம் மிக்ஸ் போகும். முதல் நிரப்பலுக்கு ஐந்தரை கிலோ. வாரம் 15 லிட்டர் மாற்றினால் அதற்கு அரைக் கிலோவுக்கு மேல். ஆகவே 20 கிலோ வாளியாக வாங்குவதே கட்டுப்படியாகும். திறந்த பிறகு நன்றாக மூடி வையுங்கள், ஐப்பசி ஈரத்தில் கட்டியாகிவிடும்.

குடிக்கிற ஆர்ஓவில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதை முழுதாக மூடச் சொல்லுங்கள், அல்லது மெம்பரேனிலிருந்து வரும் குழாயில் நேரே பிடியுங்கள். டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) வைத்துப் பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் மீன் மட்டும் வளர்க்கப் போதும். போர் தண்ணீர் 1,500 இருக்கிற ஊர்களில் ஆர்ஓ தாண்டியும் 100 நிற்கும். அப்படியென்றால் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று சேர்க்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே என்று சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அது செம்புச் சுருளில் வழிந்து வருகிற தண்ணீர். வேண்டாம்.

தொட்டி வைக்கிற இடத்தை இப்போதே யோசியுங்கள். தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்து கால் டன்னுக்கு மேல். மாடியில் வேண்டாம். பழைய ஓட்டு வீடாக இருந்தால் ரேழிதான் நல்ல இடம், நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். முற்றத்து ஓரம் பார்க்க அழகாக இருக்கும், வெயில் விழுந்தால் பாசி பிடிக்கும்.

குடந்தை_அக்கா:
தம்பி, எல்லோரும் தண்ணீரையே பேசுகிறார்கள். தொட்டி நிரம்பின மறுநாளே மீன் வாங்கப் போய்விடுவீர்களோ என்று எனக்குக் கவலை. நன்னீரில் கப்பி வளர்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிபடாது. கப்பி தாங்கிக்கொள்ளும்.

மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நன்னீரிலும் இதேதான். வித்தியாசம் பிஎச்சில் இருக்கிறது. பிஎச் 7 உள்ள தொட்டியில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற சாது உருவத்தில் இருக்கும். கடல்தொட்டி 8.2-ல் நிற்பதால் அதே அளவு அம்மோனியாவில் விஷ உருவம் பல மடங்கு கூடுதல். நைட்ரைட் நேர்மாறு, கடல்நீரின் குளோரைடு அதை மீனுக்குள் ஏறவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது அம்மோனியாவுக்கு.

மீனில்லாமலே பாக்டீரியாவை வளர்க்கலாம். கடையில் வாங்கின இறால் ஒன்றைத் தோலோடு ஒரு வலைத்துணியில் கட்டிப் போட்டுவிட்டால் அழுகி அம்மோனியா வரும். வீட்டில் நாற்றம் தாங்காது என்றால் அம்மோனியம் குளோரைடு. 150 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம். கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் அதேதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பள்ளிக்கூட லேபுக்குச் சப்ளை செய்யும் கடையில் சுத்தமானது கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் கடல்நீருக்கான டெஸ்ட் கிட் வாங்கிக்கொள்ளுங்கள், காகிதப் பட்டை வேண்டாம், துளி விடுகிற கிட். இன்று போட்ட 2 பிபிஎம் அம்மோனியா நாளைக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நம் ஊர்ச் சூட்டில் நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம். நடுவில் கல்லெல்லாம் பழுப்பாகப் பூசினாற்போல ஆகும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போகும். தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோக வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, கொசுவர்த்தியும் பிளக்கில் சொருகுகிற கொசு மருந்தும். அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். காற்றுப் பம்பு அந்தப் புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள்தான் விடும். தொட்டி இருக்கும் அறையில் ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். இரண்டாவது, உப்பைக் கரைக்கப் பித்தளை அண்டா, செம்புக் குடம் எதையும் எடுக்காதீர்கள். தண்ணீரில் செம்பு கொஞ்சம் இறங்கினாலே இறாலும் நத்தையும் போய்விடும். பிளாஸ்டிக் டிரம்மும் பிளாஸ்டிக் குவளையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் அதில் சோப்புத்தூள் கரைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை!

மன்னைக்காரன்:
அக்கா, கொசு மருந்து விஷயம் எங்கேயும் படித்ததில்லை. உண்மையிலேயே பெரிய உதவி.

சரி, மணலும் கல்லும்? முத்துப்பேட்டை வேண்டாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே.

கோடியக்கரை_நாரை:
நான் சொல்கிறேன், வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கிற காப்புக்காடு. அங்கிருந்து எதையும் அள்ளி வர முடியாது. அப்படியே அள்ளினாலும் அது சேறு. கீழே பிராணவாயு இல்லாமல் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

கல்லுக்கு மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஆள் அனுப்பலாமே என்ற யோசனையும் வரும். 2001லேயே கல்பவளங்கள், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். செத்த பவளம், கரையில் ஒதுங்கினது, பழைய வீட்டு ஷோகேஸில் இருப்பது என்று சாக்கு எதுவும் செல்லாது. கடையில் யாராவது கடற்குதிரை இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு நடையைக் கட்டுங்கள். கடற்குதிரை பிழைப்பதும் கஷ்டம், அது தனிக் கதை.

கல்லுக்கு வழி இருக்கிறது. துளைகள் நிறைந்த பீங்கான் கற்கள் இப்போது செயற்கையாகச் செய்து விற்கிறார்கள். பாக்டீரியா குடியேறத் துளைதான் முக்கியம், பவளம் அல்ல.

காரைக்கால்_கடலோடி:
மணலுக்கும் கடற்கரைக்குப் போக வேண்டாம், இதில் நானும் நாரை பக்கம். நம் கரை மணலில் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரும்புத் தாது அது. மிச்சம் பெரும்பாலும் ஆறு கொண்டுவந்த சிலிக்கா. அது பிஎச்சைத் தாங்கிப் பிடிக்காது. அரகோனைட் மணல், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள மணல், வாங்குங்கள். காசு இடித்தால் மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியோடு ஆரம்பிக்கலாம், கழிவை உறிஞ்சி எடுக்கவும் சுலபம். அழகு குறைவு, அவ்வளவுதான்.

மன்னைக்காரன்:
சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலையைப் பார்த்தால் தொட்டியை விட அதிகம். டேபிள் ஃபேன் போதும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா?

தஞ்சை_தொட்டிக்காரர்:
கோமாளி மீனுக்கு 25லிருந்து 27 டிகிரி நல்லது. 29 வரை பொறுத்துக்கொள்ளும். 31, 32 என்று நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. சூட்டை விட மூச்சுதான் முதல் பிரச்சினை. உப்புத் தண்ணீர் நன்னீரை விடக் குறைவாகத்தான் பிராணவாயு பிடிக்கும், சூடு ஏறினால் அதுவும் குறையும். 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும். அதே சூட்டில் கடல்நீர் 7-க்குள்தான். ஆகவே தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பவர்ஹெட் (உள்ளே வைத்துத் தண்ணீரைத் தள்ளும் சின்னப் பம்பு) ஒன்றை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

ஃபேன் வேலை செய்யும், ஆனால் ஊரைப் பொறுத்தது. ஆவியாதலால் வருகிற குளிர்ச்சி அது. தஞ்சாவூர் வறண்ட வெயிலில் 2, 3 டிகிரி இறங்கும். நாகை, காரைக்கால் ஈரக்காற்றில் அவ்வளவு இறங்காது. மன்னார்குடி இரண்டுக்கும் நடுவில். மூடியைக் கழற்றி வலை போட்டு, ஃபேன் காற்று தண்ணீரின் மேல் சாய்வாக அடிக்கும்படி வையுங்கள்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் சட்டென்று குறையும். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே இருக்கும். 150 லிட்டரில் 6 லிட்டர் குறைந்தால் 35 இருந்த உப்பு 36 அரைக்குப் போய்விடும். குறைந்த இடத்தை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் ஏறும். ஆகவே ஈடுசெய்வது எப்போதும் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான். நிரப்பின அன்றே கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தினமும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும், மிதவை சுவிட்ச் வைத்த ஆட்டோ டாப்-ஆஃப் சின்னது ஒன்று வாங்கினால் வேலை மிச்சம். சில்லருக்கு யோசிக்கிற காசில் பாதியைக்கூட இது கேட்காது, ஆனால் இதைத்தான் எல்லோரும் கடைசியில் வாங்குகிறார்கள்.

பவளம் வேண்டாம் என்பதால் சில்லரை இப்போதைக்கு விடலாம். சில்லர் அறைக்குள் சூட்டைத்தான் கக்கும், மூடின அறையில் வைத்துப் பிரயோஜனமும் இல்லை.

லைட் சாதாரண எல்இடி போதும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், பின்னால் மாட்டுகிற மாடல் ஒன்று வாங்குங்கள், கழிவை மட்டுமின்றிக் காற்றையும் தண்ணீரில் கலக்கும்.

நாகை_ஹேச்சரி:
கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 2018 நவம்பர் 16 கஜா நினைவிருக்கிறதா? மன்னார்குடி, வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் இருட்டு. அது போல வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் ஒரு ராத்திரி, ஒரு பகல் கரண்ட் போவது நம் ஊரில் சகஜம். பவர்பேங்கில் ஓடுகிற யூஎஸ்பி காற்றுப் பம்பு இரண்டு வாங்கி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் பம்பு உறுமிச் சூடேறும்.

ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு சுலபமாகக் கடத்தும் என்பது நன்னீர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை. ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். வழிகிற தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. அந்த லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மீனுக்கு முன்பு அதைப் போடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

தரங்கை_பாலு:
எல்லோரும் காசு செலவழிக்கவே சொல்கிறீர்கள். தரங்கம்பாடிக் கரையில் கோட்டைக்குப் பக்கத்துக் கல் இடுக்குகளில் கோடு போட்ட கீச்சான் மீன் குஞ்சு துள்ளிக்கொண்டிருக்கும். வலைத்துணியில் நாலு பிடித்துப் போட்டால் முடிந்தது. கடையில் ஏன் வாங்க வேண்டும்?

நாகை_ஹேச்சரி:
கீச்சான் கெட்டி மீன்தான், சாகாது. மற்றதெல்லாம் சாகும். அடுத்த மீனின் செதிலைப் பிய்த்துத் தின்னுகிற சாதி அது. ஒரு அடி வளரும். தனியாகக் கீச்சான் தொட்டி என்றால் ஆட்சேபம் இல்லை. கோமாளியோடு வேண்டாம்.

குடந்தை_அக்கா:
தம்பி, கோமாளி மீன் வாங்கும்போது பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எல்லாம் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியவை. தொட்டியில் பிறந்த மீன் குருணைத் தீனிக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்தது பல நேரம் பட்டினி கிடந்தே போகும்.

ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கோமாளி மீன் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒன்று சற்றுப் பெரியது, ஒன்று சின்னதாக இரண்டு குட்டி வாங்கினால் அவையே தீர்மானித்துக்கொள்ளும். கடலில் அவை குடியிருக்கும் கடல் சாமந்தியும் தேவையில்லை, அதற்கு வெளிச்சமும் பழுத்த தொட்டியும் வேண்டும். கண்ணாடி மூலையையோ பம்பையோ வீடாக்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்.

சினிமாவில் பார்த்த நீல டேங் மீனை மட்டும் கேட்காதீர்கள். அது ஒரு அடி வளர்ந்து நீந்த இடம் தேடும் மீன். உங்கள் தொட்டியே 3 அடி.

புதிதாக வருகிற எந்த மீனையும் நேரே விடாமல் ஒரு சின்னத் தொட்டியில் நாலு வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அங்கேயே செம்பு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். பெரிய தொட்டிக்குள் அந்தக் கிருமி புகுந்துவிட்டால் அத்தனை மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் ஓட விட வேண்டியிருக்கும்.

மன்னைக்காரன்:
எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். தொட்டி ரேழிக்கு வருகிறது, ஆர்சிசிபிக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று. லோடு ஆட்டோ அண்ணனிடம் தண்ணீர் வேண்டாம், ஐஸ்பெட்டி இருந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ரிஃப்ராக்டோமீட்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை, அது எங்கே கிடைக்கும்? இன்னொரு கேள்வி. பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனால் அஞ்சு நாள் வீடு பூட்டிக் கிடக்கும். மீனுக்கு யார் தீனி போடுவது?

நாகை_ஹேச்சரி:
வன்னாமெய் இறால் பண்ணை இருக்கிற ஊர்களில் பண்ணைச் சாமான் கடைக்குப் போங்கள், சீர்காழி, வேதாரண்யம் பக்கம் விசாரியுங்கள். உப்பு மானி, டெஸ்ட் கிட், ஏரேட்டர் எல்லாம் அங்கே இருக்கும், மீன்தொட்டிக் கடையை விட மலிவு. வாங்கியதும் வெறும் ஆர்ஓ தண்ணீரை விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். முடிந்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அளவுக் கரைசல் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி அதிலும் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-ல் இரண்டு தள்ளிக் காட்டுவதுண்டு.

குடந்தை_அக்கா:
பொங்கலுக்கு மீன் பட்டினி கிடக்கட்டும், நன்றாக வளர்ந்த மீனுக்கு அஞ்சு நாள் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் மொத்தத்தையும் கொட்டிவிடுவான். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் இந்தக் கேனிலிருந்து ஊற்று என்று மட்டும் சொல்லுங்கள். கேன் மேலே பெரிதாக ‘உப்பு போடாத தண்ணீர்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.